போகிற போக்கில் ஒரு கருத்து

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் கோவில் முற்றத்து வேப்பமர நிழலில் ஒரு சிறு கூட்டம் கூடுவது பல பங்குகளில் உள்ள வழக்கம். வீட்டுக்குப் போக அவசரமில்லாத பத்துப் பேர் நிற்பார்கள். பங்குத்தந்தையும் அவர்களோடு நின்றுகொள்வார். அங்கே பேசப்படாத பொருள் இல்லை. அயல்நாட்டுப் போர், துபாய் வெயில், பிள்ளைகளைக் கெடுக்கும் அலைபேசி, பாக்கெட் பால், மின்சாரக் கார் என எதை எடுத்தாலும் யாரிடமாவது ஒரு விடை ஆயத்தமாக இருக்கும். அந்த நிழலில் 'எனக்குத் தெரியாது' என்னும் சொல்லைத்தான் நாம் அரிதாகக் கேட்டிருக்கிறோம்.

இத்தகைய பேச்சைக் குறைகூற நாம் முன்வரவில்லை. மழை வருமா என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பவர் வானிலையை அறியவா கேட்கிறார்? அவரோடு உறவாடவே கேட்கிறார். மனித உறவுகளில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பயன் கருதாப் பேச்சினால்தான் வளர்கிறது. எனினும் ஒரு கேள்வி சில காலமாக நம்மை விட்டு அகல மறுக்கிறது. எண்ணிப் பாராமல், போகிற போக்கில், நாம் உதிர்க்கும் கருத்துக்கு நாம் பொறுப்பாளிகளா? பொய் சொல்வது தவறு என்பதை அனைவரும் ஏற்கிறோம். பொய் என்று அறியாமலும், மெய்யென்று உறுதி செய்யாமலும் சொன்ன சொல்லை எந்தக் கணக்கில் எழுதுவது?

இக்கேள்வி நூல்களிலிருந்து நமக்கு வரவில்லை. நம் வாயிலிருந்தே வந்தது.

2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் பேருந்து நிலையத்தருகே வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறார். இரண்டு பெண்பிள்ளைகள். பழைய டீசல் வண்டி பழுதாகிக்கொண்டே இருந்ததால், வேறு வண்டி வாங்குவது பற்றி எண்ணிக்கொண்டிருந்தார். அந்த ஞாயிறன்று சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். நாள் ஒன்றுக்கு 150 கிலோமீட்டர் ஓட்டம், டீசலுக்கு இவ்வளவு, இரவில் வீட்டிலேயே சார்ஜ் செய்தால் மின்கட்டணம் இவ்வளவு, வங்கித் தவணை இவ்வளவு என்று பென்சிலால் பக்கம் பக்கமாகக் கணக்கு எழுதியிருந்தார். "சாமி, மின்சாரக் கார் எடுக்கலாமான்னு பாக்கிறேன். நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

நாம் ஓர் அடக்கச் சடங்குக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தோம். அவர் நீட்டிய நோட்டை நாம் பார்க்கவில்லை. எப்போதோ ஒரு செய்தித்தாளில் கண்ட தலைப்பு நினைவுக்கு வந்தது. "அதெல்லாம் காங்கோப் பிள்ளைகளின் இரத்தத்தில் ஓடுகிற வண்டி, தம்பி. நமக்கு வேண்டாம்" என்றோம். சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள். சொன்ன சொல்லில் அறமும் இருந்தது, அழகும் இருந்தது என்று நமக்கே ஒரு நிறைவு. அவர் நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நாம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டோம்.

எந்தக் காங்கோ?

2024 மே மாதம், ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகள் பணியாற்றி விடுமுறையில் வந்திருந்த அருட்சகோதரி ஒருவர் நம் பங்கு இல்லத்துக்கு வந்தார். அவர் காங்கோவிலிருந்து வந்தவர் என்று அறிந்ததும், நமது பழைய வாக்கியத்தை அவரிடமும் எடுத்து வைத்தோம். அவர் அதைப் பாராட்டுவார் என்றே எதிர்பார்த்தோம். அவர் அமைதியாக, "எந்தக் காங்கோவைச் சொல்கிறீர்கள், ஃபாதர்?" என்று கேட்டார்.

காங்கோ என்னும் பெயரில் இரண்டு நாடுகள் உள்ளன என்பது அந்த நொடியில் நம் நினைவிலேயே இல்லை. ஒரே ஆற்றின் இரு கரைகளில், ஒன்றையொன்று பார்த்தபடி, பிராசவில், கின்ஷாசா என்னும் இரு தலைநகரங்கள் நிற்கின்றன. கோபால்ட் மிகுதியாகக் கிடைப்பது கின்ஷாசாவைத் தலைநகராகக் கொண்ட காங்கோ மக்களாட்சிக் குடியரசில். "நான் இருந்தது கின்ஷாசாவில். சுரங்கங்கள் இருக்கிற கொல்வேசி அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். இரண்டு முறைதான் போயிருக்கிறேன். பார்த்ததை மட்டும் சொல்கிறேன்" என்று தொடங்கினார் அவர். மண்வெட்டியும் சாக்குமாகக் குழிக்குள் இறங்கும் மனிதர்களை அவர் கண்டிருந்தார். ஓடையில் கல் கழுவும் சிறுவர்களையும் கண்டிருந்தார். "அங்கே ஒரு தாய் என்னிடம், எங்கள் கல்லை வாங்காதே என்று சொல்லவில்லை, ஃபாதர். சரியான விலை கொடு, குழி இடிந்து விழாமல் பார்த்துக்கொள் என்றுதான் கேட்டார்" என்றார். பின்பு மேசைமேல் கிடந்த நம் அலைபேசியைப் பார்த்து, "இதற்குள்ளும் அந்தக் கல் இருக்கலாம்" என்று மெல்லச் சொன்னார்.

அங்கே வாழ்ந்து திரும்பியவர் தாம் கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்நாட்டை உலகப்படத்தில்கூட நேராகப் பார்த்திராத நாம் எவ்வளவு துணிவோடு பேசினோம்!

அதன்பின் சில வாரங்கள், நாம் முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்தோம், படித்தோம். நம் வாக்கியத்தில் உண்மை இல்லாமல் இல்லை. உலகில் தோண்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் 2023-இல் பத்தில் ஏழு பங்குக்கும் மேல் அந்த ஒரு நாட்டிலிருந்தே வந்தது. சிறுவர்கள் அங்கே கோபால்ட் தோண்டுவதை அம்னஸ்டி இன்டர்நேஷனல் 2016 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை உலகுக்கு எடுத்துரைத்தது. இவை மெய். ஆனால் அவற்றின் பக்கத்தில் வேறு மெய்களும் நின்றன. அங்கே கிடைக்கும் கோபால்ட்டில் பெரும்பகுதியைத் தோண்டுவது பெரிய இயந்திரங்களைக் கொண்ட நிறுவனங்கள். கையால் தோண்டுவோரின் பங்கு அதனினும் குறைவு. நம் அலைபேசிகளிலும் மடிக்கணினிகளிலும் உள்ள பேட்டரிகளில் கோபால்ட் நெடுங்காலமாக இருந்து வருகிறது. டீசலிலிருந்து கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் கோபால்ட் கலந்த வினையூக்கிகள் பயன்படுகின்றன. ஆகவே கோபால்ட்டுக்கு அஞ்சி டீசலிடம் போனவர் கோபால்ட்டிலிருந்து முற்றிலும் தப்பிவிடவில்லை.

நம்மை மிகவும் உறுத்திய செய்தி இன்னொன்று. இன்று விற்கப்படும் மின்சாரக் கார்களில் பல, லித்தியம், இரும்பு, பாஸ்பேட் ஆகியவற்றைக் கொண்ட பேட்டரியால் ஓடுகின்றன. அவ்வகைப் பேட்டரியில் கோபால்ட் கிடையாது. நம் ஓட்டுநர் கணக்கெழுதி வைத்திருந்த கார் எது என்று விசாரித்தோம். அது அந்த வகையைச் சேர்ந்ததே.

சுவரில் தொங்கும் உலகம்

நம் பங்குப் பள்ளியின் ஒரு வகுப்பறையில் பழைய உலகப்படம் ஒன்று தொங்குகிறது. அந்நாள்களில் ஒரு மாலை அதன் முன்னே நின்றோம். மேலே கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு அகன்று கிடந்தது. காங்கோவோ ஆப்பிரிக்காவின் நடுவே ஒரு சிறு துண்டாகத் தெரிந்தது. உண்மை என்ன? கிரீன்லாந்தின் பரப்பு ஏறத்தாழ 21.7 லட்சம் சதுரக் கிலோமீட்டர். காங்கோ மக்களாட்சிக் குடியரசின் பரப்பு ஏறத்தாழ 23.4 லட்சம் சதுரக் கிலோமீட்டர். காங்கோவே பெரியது.

1569-இல் மெர்க்காட்டர் என்னும் வரைபட அறிஞர் வகுத்த முறையில் வரையப்பட்ட படம் அது. அவர் எவரையும் ஏமாற்ற முற்படவில்லை. திசைகாட்டியில் ஒரே திசையைப் பிடித்துச் செல்லும் மாலுமியின் பாதை, தாளில் நேர்கோடாக அமைய வேண்டும். அதற்காகவே அப்படத்தை வரைந்தார். உருண்டையான உலகைத் தட்டையான தாளில் அவ்வாறு விரிக்கும்போது நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக நாடுகள் பெருத்துக்கொண்டே போகும். 60 பாகை அட்சரேகையில் நீளம் இரு மடங்காகவும் பரப்பு நான்கு மடங்காகவும் தோன்றும். கடலோடிக்கு அது நல்ல படம். எந்த நாடு பெரிது என்று அறிய விரும்பும் மாணவனுக்கு அது தவறான படம். பிழை படத்தில் இல்லை; எதற்காக வரைந்தார்கள் என்பதை மறந்துவிட்டு வேறொன்றுக்கு அதைப் பயன்படுத்துவதில் இருக்கிறது.

நம் தலைக்குள்ளும் இப்படி ஒரு படம் தொங்குகிறது. அடிக்கடி செய்தியில் வரும் நாடுகள் அதில் பெருத்திருக்கின்றன. நம் வீட்டுப் பொருள்களுக்கு மண்ணும் உழைப்பும் தருகிற நாடுகள் சிறுத்திருக்கின்றன. எதிர்த் தரப்பினரின் பேச்சிலும் இக்குறையைக் காணலாம். "நார்வேயைப் பாருங்கள், அங்கே எல்லாரும் மின்சாரக் காருக்கு மாறிவிட்டார்கள், நாம்தான் பின்தங்கிக் கிடக்கிறோம்" என்று சொல்லும் இளைஞர்கள் நம் பங்கிலும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 2024-இல் நார்வேயில் புதிதாகப் பதிவான கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 முழுவதும் மின்சாரத்தால் ஓடுபவை. குளிர்நாட்டில் பேட்டரி பயன்படாது என்று மரத்தடியில் தீர்ப்புச் சொன்னவர்கள் இதற்கு விடை சொல்லியாக வேண்டும். குளிரில் பேட்டரி ஓடும் தூரம் குறைகிறது என்பது மெய்தான். அதனால் அந்நாட்டினர் காரை நிறுத்திவிடவில்லை.

ஆனால் நார்வேயின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு மலைநீரிலிருந்து வருகிறது. அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 55 லட்சமே. 1990 முதல் அரசு மின்சாரக் கார்களுக்கு வரிச்சலுகை அளித்து வந்துள்ளது. அந்த அரசின் செல்வத்துக்கு வட கடலில் எடுத்து, பிற நாடுகளுக்கு விற்கும் எண்ணெயும் எரிவாயுவும் முக்கியக் காரணம். தன் வீதியில் புகையில்லாத அந்நாடு, பிறர் வீதியில் புகைவதற்கு எண்ணெய் விற்கிறது. இதனால் அந்நாட்டவர் செய்தது பொய்யாகிவிடாது. ஆயினும் அவர்களை எடுத்துக்காட்டாகக் காட்டுகிறவர் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் அல்லவா?

இந்தியாவில் 2023-இல் உற்பத்தியான மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து கிடைத்தது. ஆகவே இங்கே மின்சாரக் காரின் புகை ஒழிந்துவிடுவதில்லை. குழாயை விட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிக்கு இடம் மாறுகிறது. அதற்காக, 'அப்படியானால் எல்லாம் ஒன்றுதான்' என்று முடித்துவிடவும் இயலாது. பெட்ரோல் எஞ்சின் தான் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. மின்மோட்டார் தான் பெறும் ஆற்றலில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குத் தருகிறது. பேட்டரியைச் செய்யும்போது புகை கூடுதல். வண்டி ஓட ஓட அந்தக் கடன் அடைகிறது. எவ்வளவு காலத்தில் அடையும் என்பது அந்த ஊரின் மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கிறவர்கள், காற்றுப் பருவத்தில் சுழன்றடிக்கும் காற்றாலைகள் மற்ற மாதங்களில் சோர்ந்து நிற்பதைக் கண்டிருப்பார்கள். இடத்தோடு காலமும் கணக்கில் சேர்கிறது. ஆக, 'மின்சாரக் கார் நல்லதா?' என்னும் கேள்விக்கு, 'எங்கே? எப்போது? யாருக்கு?' என்று கேட்காமல் விடை கூறவே முடியாது. நாம் கேளாமல் கூறினோம்.

லாரிசாவுக்குப் போகும் வழி

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் பிளேட்டோவின் 'மேனோ' என்னும் உரையாடலைப் படித்தோம். அதில் சாக்ரடீஸ் லாரிசா என்னும் ஊருக்குப் போகும் வழியை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். அவ்வழியே சென்று அறிந்தவர் ஒருவர் பிறரை அங்கே அழைத்துச் செல்லலாம். ஒருபோதும் சென்றிராத இன்னொருவரும், அவர் கொண்ட கருத்து சரியாக இருந்தால், அதே ஊருக்கே கொண்டு சேர்ப்பார். அப்படியானால் அறிவுக்கும் சரியான கருத்துக்கும் வேறுபாடுதான் என்ன? டெடலஸ் என்னும் சிற்பி செய்த சிலைகள் கட்டிவைக்காவிட்டால் ஓடிவிடும் என்று கிரேக்கர் கதை சொல்வர். கருத்தும் அத்தகையதே, காரணம் என்னும் கயிற்றால் கட்டப்படாத கருத்து, சரியானதே ஆனாலும், நிலைத்து நில்லாது என்பது சாக்ரடீசின் விளக்கம்.

அன்று தேர்வுக்காகப் படித்த இப்பகுதி, முப்பது ஆண்டுகளுக்குப் பின் நம்மைச் சுட்டது. நமது கருத்து ஒருவேளை சரியாகவே அமைந்திருந்தால்? அந்தக் காரில் உண்மையிலேயே கோபால்ட் இருந்திருந்தால்? அப்போது நாம் செய்தது சரியாகிவிடுமா? ஆகாது என்றே இன்று கருதுகிறோம். சரியாக அமைந்திருந்தால் அது நமது அறிவினால் அன்று, தற்செயலால். வழி அறியாதவன் இருளில் ஒருவரைக் கைப்பிடித்து அழைத்துப் போகிறான். பள்ளத்தில் விழாமல் இருவரும் ஊர் சேர்ந்துவிட்டாலும், விழ வைத்திருக்கக்கூடிய குற்றம் அவனுடையதே.

புனித தோமா அக்குவினா இதை இன்னும் நுட்பமாக ஆராய்ந்தார். மனம் இரு பக்கங்களில் எதனையும் சாராமல் நிற்பது ஐயம். ஒரு பக்கத்தை அச்சமின்றிப் பற்றிக்கொள்வது அறிவு. இவற்றுக்கு இடையே நிற்பது கருத்து: ஒரு பக்கத்தை மனம் ஏற்கிறது, ஆனால் மறுபக்கம் உண்மையாக இருந்துவிடுமோ என்னும் அச்சம் அதனுள் கலந்தே இருக்கிறது. அந்த அச்சம் கருத்தின் குறையன்று, அதன் இயல்பே என்பது நாம் கவனிக்க வேண்டியது. அச்சத்தை நீக்கிவிட்டுக் கருத்தைச் சொல்கிறவன், கருத்தை அறிவின் விலைக்கு விற்கிறான். அங்காடியில் கலப்படப் பொருளை நல்ல பொருளின் விலைக்கு விற்பவனை நாம் என்னவென்று சொல்கிறோம்?

கேட்பவர் யார்?

இங்கே நியாயமான ஒரு தடை எழும். எல்லாவற்றையும் ஆராய்ந்த பின்புதான் வாய் திறக்க வேண்டுமென்றால் உலகில் எவர் பேச இயலும்? இன்று ஒரு வீட்டின் சாதாரணக் காலைப்பொழுதே பல நாடுகளின் மேல் நிற்கிறது. மின்விசிறியின் தாமிரம் எங்கிருந்து வந்தது, அலைபேசியின் லித்தியம் ஆஸ்திரேலியப் பாறையிலிருந்தா, சிலி நாட்டு அட்டகாமாவின் உப்புநீர்ப் பாத்திகளிலிருந்தா என்று ஒரு குடும்பத்தலைவி தேடிக்கொண்டிருந்தால் அடுப்பு எரியுமா? அதுமட்டுமன்று, 'எனக்கு எதுவும் தெரியாது' என்று ஒதுங்கிக்கொள்வது கொல்வேசியின் சிறுவர்களுக்கு என்ன நன்மை செய்யும்? பேசாதிருப்பதும் சில வேளைகளில் கோழைத்தனமே.

இத்தடையை நாம் மதிக்கிறோம். எல்லாம் அறிந்து பேசுவது மனிதரால் ஆகாது. ஆனால் நம் சொல் தவறினால் அதற்கு விலை கொடுப்பவர் யார் என்று எண்ணிப் பார்ப்பது எவராலும் ஆகும். நண்பர்கள் நால்வர் சாலையோரம் நின்று, எந்தக் கார் சிறந்தது என்று வாதாடும்போது எவருக்கும் இழப்பில்லை. அங்கே கருத்து ஒரு விளையாட்டு. கணக்கு நோட்டோடு ஒருவர் வந்து கேட்கும்போது அது விளையாட்டன்று. சொல் அதே சொல்தான். கேட்பவர் மாறும்போது அதன் எடை மாறுகிறது. மருத்துவர், ஆசிரியர், வீட்டுப் பெரியவர், குரு ஆகியோர் உதிர்க்கும் சொல் உதிர்ந்த இடத்தில் கிடப்பதில்லை. அதை எவரோ எடுத்துச் சென்று அதன்படி நடக்கிறார். அந்த ஓட்டுநர் நம் கருத்தை எடைபோடவில்லை; நம் அங்கியை எடைபோட்டார். அது நமக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே அந்த எடையை, ஆராயாத ஒரு வாக்கியத்தின் மேல் ஏற்றிவைத்தோம்.

அவர் நோட்டை வாங்கிப் பார்த்து, "இதைப் பற்றி எனக்குச் சரியாகத் தெரியாது, தம்பி. பேட்டரி எதனால் ஆனது என்று கடையில் கேட்டுப்பார்" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு அரை நிமிடம் போதும். அறச்சீற்றம் எளிதாக இருந்தது. அரை நிமிடப் பொறுமை அரிதாக இருந்தது. காங்கோவின் குழந்தைகளுக்காகவும் நாம் அன்று பேசவில்லை. அவர்கள் துயரத்தை நம் வாக்கியத்துக்கு அணியாக எடுத்துக்கொண்டோம்; அவ்வளவே. அதுவும் ஒருவகைச் சுரண்டல் அன்றோ?

அவரைத் தேடி அவர் வீட்டுக்கே சென்றோம். முற்றத்தில் ஒரு டீசல் கார் நின்றது. பழைய வண்டியை விற்றுவிட்டு, 2023 டிசம்பரில், பிறர் ஓட்டிய வண்டி ஒன்றை ஐந்தாண்டுத் தவணையில் வாங்கியிருந்தார். நாம் சொன்னது பிழையென்று அவரிடம் சொன்னோம். அவர் பார்த்து வைத்திருந்த காரில் அந்தக் கல் இல்லை என்றும் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "பரவாயில்லை சாமி. ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு கூடத்தான் போகுது. ஆனா அந்தக் காரு எடுத்திருந்தா தவணையும் கூடத்தான் இருந்திருக்கும். எது லாபம்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

நம் ஆராயாத சொல்லால் இழப்புக்கு ஆளாகியிருக்கக்கூடிய அவர், நமக்கு எதிராகக்கூடத் தம் கருத்தை அச்சமின்றிச் சொல்லவில்லை. நம்மைத் தேற்றுவதற்காக அப்படிச் சொன்னாரோ, உண்மையாகவே அப்படி எண்ணினாரோ, நாம் அறியோம்.

புறப்படும்போது அந்த நோட்டைப் பற்றிக் கேட்டோம். உள்ளே சென்று எடுத்து வந்தார். கணக்கு எழுதிய பக்கங்களுக்குப் பின்னே மகளின் பள்ளிக்கட்டணம் குறித்து வைத்திருந்தார். அன்று நிழலில் நின்று பார்க்க மறுத்த அந்தப் பக்கங்களை, திண்ணையில் அமர்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தோம். கூட்டலில் ஒரு பிழையும் இல்லை.